முகம் தெரிந்த டேக்

9 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இரண்டு முழங்கால்களும் சௌக்கியம். அதில் முழங்கால்களைப் பற்றிச் சொன்னது பொய். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்த சொட்டு மருந்து ஒத்துக்கொண்டதா?

போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். ‘போனில் நீ நடிப்பாய், கையெழுத்து நடிக்காது, எழுது’ என்று நீ போட்ட உத்தரவு ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

நேற்று ஒரு சண்டைக் காட்சி. நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து என் கைத்தடியில் தாங்களே மோதி விழுகிறார்கள். ஐந்தாவது ஆள் விழும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. டைரக்டர் ஓடி வந்து, “சார், என்ன ஒரு அலட்சியம்! அப்படியே வச்சுக்கறேன்” என்கிறார். இப்படித்தான் அக்கா, இந்த வயதில் என் வீரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு செய்தி. கட்டடத்திலிருந்து குதிக்கும் அந்தப் படத்தைக் கம்பெனிக்காரர்கள் தூசு தட்டி, வண்ணம் சரிபார்த்து, இருபதாவது வருஷம் என்று நவம்பரில் மறுபடியும் வெளியிடப் போகிறார்களாம். விழா உண்டு. என்னை மேடையில் ஏற்றி அந்தக் குதிப்பைப் பற்றிப் பேச வைப்பார்கள். உனக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில் இடம் போடுகிறோம் என்றார்கள். வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அம்மாவுக்குப் பிரயாணம் ஆகாது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

நம் சின்னவனின் உயிர் போனதும் அதே படத்தில்தான் என்பதை யாரும் மேடையில் எடுக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் கையை ஒரு நிமிஷம் என் பெயர் சொல்லிப் பிடித்துக்கொள்.

உன் தம்பி


2 பிப்ரவரி

அன்புள்ள தொடைநடுங்கிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் டூட்டியில், ஈய அங்கியை மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறையில் நின்றிருந்தேன். வாங்கிப் பையில் வைத்து, வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கியின் கனத்தில் தோள் இறங்கிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான்.

உலகமே உன்னை ‘இரும்பு’ என்கிறது. மொட்டைமாடிக்கு ஏணி வைத்து ஏறச் சொன்னால் நாலாவது படியில் நின்று அழுத ஆள் நீ என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். சின்னவனுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தானே உனக்குப் பதிலாக அவன் ஏறினான்.

அம்மாவின் கண்ணைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மருந்து வேலை செய்யவில்லை. ஓரங்கள் எல்லாம் போய்விட்டன. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அதுவும் இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டி.வி.யில் உன் பழைய படம் எது வந்தாலும் முகத்தை ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு பார்க்கிறாள். உன்னைப் பார்க்கிறாள் என்று பெருமைப்படாதே. நீ திரும்பி நின்று ஓடும் இடம் வந்தால்தான் நிமிர்கிறாள். “இது பெரியவன் இல்ல, சின்னவன். ஓடும்போது இடது தோள் முன்னாடி போகுது பாரு” என்கிறாள். பதினொரு வருஷம் உன் டூப்பாக இருந்தவனை உன்னிடமிருந்து பிரித்துச் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். அந்தக் கட்டடக் காட்சி வந்தால் மட்டும், அவன் குதித்தவுடன் டி.வி.யை அணைத்துவிடுகிறாள். கீழே போய்ச் சேர விடுவதில்லை.

வீட்டில் இருப்பது அவன் பதினேழு வயசுப் படம். அதற்குப் பிறகு உன்னோடு வந்தவன் இருபத்தொன்பது வயசுவரை சினிமாவில் முதுகாகவே இருந்துவிட்டான். அம்மா போன வாரம் என்னிடம், “பார்வை போறதுக்குள்ள அவன் மூஞ்சியைப் பெரிசா ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்” என்றாள்.

கம்பெனிக்காரர்கள் பழைய சுருள்களைப் பிரித்திருப்பார்களே. அவன் முகம் தெரிகிற ஒரு துண்டாவது இருக்கும். கேட்டு வாங்கி அனுப்பு. நான் உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா


20 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண் விஷயம் படித்ததும் அன்று ஷூட்டிங்குக்கு முடியாது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். இங்கே பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார். அழைத்து வந்தால் காட்டலாம். நீ சரி என்றால் கார் அனுப்புகிறேன். உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ கேட்டது நடக்கிற காரியம் இல்லை, அக்கா. எங்கள் தொழிலில் டூப்பின் முகம் படச்சுருளில் பதியவே கூடாது. ஒரே மாதிரி இரண்டு சட்டை, இரண்டு கோட்டு, இரண்டு விக். அவனுக்கு முதுகு, எனக்கு முகம். அவன் குதித்து முடித்ததும் நான் தரையில் உருண்டு எழுந்திருப்பேன். இரண்டையும் ஒட்டினால் நான் குதித்ததாக ஆகிவிடும். தப்பித் தவறி முகம் தெரிந்துவிட்டால் அந்தத் துண்டை அப்போதே குப்பையில் போட்டுவிடுவார்கள். இருபது வருஷம் யார் பாதுகாத்து வைப்பார்கள்?

அந்தக் கடைசி நாளிலும் அப்படித்தான். ஒரே தடவைதான் குதித்தான். அந்த ஒரு தடவையும் முதுகுதான் தெரிந்தது.

அவன் பதினேழு வயசுப் படத்தை அனுப்பி வை. இங்கே நல்ல ஸ்டூடியோவில் கொடுத்துச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தருகிறேன்.

அம்மாவிடம் கோபப்படாமல் சொல்.

உன் தம்பி


15 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா பரவாயில்லை. நேற்று டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்து உடைத்தாள். உடைந்ததற்கு அழவில்லை, நான் திட்டாமல் கூட்டி அள்ளியதைக் கேட்டு அழுதாள். கார் வேண்டாம். இங்கே பார்க்கிற டாக்டரும் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்தான்.

பதினேழு வயசுப் படத்தை அனுப்பவில்லை. அதில் மீசைகூட முளைக்காதவன் இருக்கிறான். அவள் கேட்பது செத்துப்போன மகனின் முகம்.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. வழுக்கி விழுந்து வருகிறவர்களை “எங்கே வலிக்கிறது?” என்று கேட்போம். சிலர், “வலது காலுக்கு ஒண்ணுமே இல்லைங்க” என்பார்கள். நாங்கள் முதலில் வலது காலைத்தான் படம் எடுப்போம்.

‘ஒரே தடவைதான் குதித்தான்’ என்று எழுதியிருக்கிறாய். எத்தனை தடவை என்று நான் கேட்கவே இல்லையே?

பதில் எழுது. வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்காதே.

அக்கா


10 மே

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆனாலும் நீ நலமாக இருப்பது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பார்த்தேன். கறுப்புச் சட்டை, புது விக். பேட்டி எடுத்த பெண், “மூணாவது மாடியிலிருந்து எப்படி சார் குதிச்சீங்க? பயமா இல்லையா?” என்று கேட்டாள். நீ மோவாயைத் தடவிக்கொண்டே, “பயத்துக்கு என்னைக் கண்டா பயம்” என்றாய். கூட்டம் கைதட்டியது.

எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. அம்மாதான், “விடு, அவன் பொழப்பு அது. சொல்லிட்டுப் போகட்டும்” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சின்னவன் போனபோது பேப்பரில் நாலு வரி வந்தது. ‘படப்பிடிப்பில் லைட் கட்டும் தொழிலாளி தவறி விழுந்து மரணம்.’ நீயும் கம்பெனியும் அப்படிக் கொடுத்தீர்கள். இரும்பின் பெயர் கெடக்கூடாது என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். அது முடிந்த கதை. நான் இப்போது கேட்பது வேறு.

சின்னவனின் உடலை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது நான்தான். நீ அன்று யார் கண்ணிலும் படாமல் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். அங்கே எக்ஸ்ரே எடுத்தவர் நானும் அதே தொழில்காரி என்று தெரிந்து என்னை உள்ளே விட்டார். கோட்டுக் கைக்குள் சின்னவனின் இடது மணிக்கட்டில் ஒரு துணிக்கட்டு இருந்தது. ஒழுங்காக மூன்று சுற்று, ஊக்கு குத்தியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். மணிக்கட்டு எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

உயிர் போன உடம்பு வீங்காது. செத்தவனுக்கு யாரும் கட்டுப் போட மாட்டார்கள். கட்டுப் போட்டு, அது வீங்குகிற அளவுக்கு அவன் அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கிறான். அடிபட்ட கையோடு மறுபடி மேலே ஏறியிருக்கிறான்.

இதை இருபது வருஷமாக என் வயிற்றுக்குள் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. உன்னையும் கேட்கவில்லை. கேட்டால் நீயும் இல்லாமல் போய்விடுவாய் என்று பயந்தேன். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே தம்பி.

எத்தனை தடவை குதித்தான்?

அக்கா


28 மே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தோள் எப்படி இருக்கிறது?

மேக்கப் அறையில் எனக்கு முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. விக் சரியாக உட்கார்ந்ததா என்று காட்ட மேக்கப்காரர் பின் கண்ணாடியைத் திருப்புவார். அதில் என் முதுகு தெரியும். இருபது வருஷமாக நான் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன். சாருக்குத் தூக்கம் வருகிறது என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

இப்போது எனக்கு டூப் போடுகிற ஆள் நல்லவர். இரண்டு பெண் குழந்தைகள். என் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் எனக்கு முன்னால் நடந்து போனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அவரை வாய்தவறி நம் சின்னவனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. ஏன் திரும்பப் போகிறார், அவர் பெயர் அது இல்லையே. ஆனால் திரும்பியிருந்தால் எந்த முகம் தெரிந்திருக்கும் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று பழரசம் கொடுத்தார்கள்.

உயரத்திலிருந்து விழுகிற காட்சி எதற்கும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ‘இரும்புக்குத் துரு பிடிச்சிடுச்சு’ என்று பேசிக்கொள்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சண்டை போடுவது அதனால்தான். முழங்கால் சாக்கு.

மணிக்கட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கொஞ்சம் நேரம் கொடு.

உன் தம்பி


11 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. இதைப் படித்த பிறகு உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிகிறது.

அந்தப் படத்தின் எடிட்டர் போன வாரம் ஆள் அனுப்பினார். ரிட்டையராகி வீட்டில் இருக்கிறார். கம்பெனிக்காரர்கள் மிச்சத் துண்டுகள் ஏதாவது இருக்கிறதா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். “தூக்கிப் போட மனசு வரல. யார்கிட்டக் கொடுக்கறதுன்னும் தெரியல” என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் திறக்காமலே தெரிந்தது.

இரண்டு தடவை குதித்தான், அக்கா.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் என்னிடம் வந்து, “அண்ணே, ஒரே ஒரு சீன்ல என் மூஞ்சி வரட்டுமே. பால்காரனோ போஸ்ட்மேனோ, ஏதாவது. அம்மா பார்க்கணும்” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உன் மூஞ்சி வந்தா என் மூஞ்சி போயிடும்டா” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதாக இத்தனை வருஷம் எனக்கு நானே காது குத்திக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. பயம். அவன் என்னைவிட நன்றாக இருந்தான். என்னைவிடத் துணிச்சல்காரன். ஒரு தடவை முகம் வந்தால் இரும்பு யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குதிக்கிற அன்று மாடியெல்லாம் பூசாத கட்டடம். கீழே அட்டைப்பெட்டிகளை மூன்று அடுக்காகப் பரப்பி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். விழுகிறவனின் கனத்தைப் பெட்டிகள் நசுங்கி வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கிய பெட்டி அப்புறம் உதவாது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு அடுக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் கீழே கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் மூன்றாவது மாடி விளிம்பை ஒட்டி, முகம் உள்பக்கமாக ஓடி வந்தான். முதுகைக் காட்டியபடி அப்படியே சாய வேண்டும். அவன் நின்றான். திரும்பினான். கீழே பார்த்துச் சிரித்தான். பிறகுதான் குதித்தான்.

மெத்தையில் உருண்டு எழுந்துவிட்டான். இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். வேண்டுமென்றே செய்கிறான், நான் கொடுக்காததை எடுத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். “ஒன் மோர் டேக்” என்று கத்தினேன்.

டைரக்டர், “எதுக்கு? சிரிப்பை வெட்டிக்கலாம்” என்றார். நான் கேட்கவில்லை. ஸ்டன்ட் மாஸ்டர், “பெட்டி எல்லாம் நசுங்கிடுச்சு, வெளிச்சமும் போகுது, காலைல எடுப்போம்” என்றார். அதையும் கேட்கவில்லை. “மேல மட்டும் புதுசு போடுங்க, போதும்” என்றேன். போட்டார்கள். இரும்பு சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அடி அடுக்கு இரண்டும் நசுங்கியது நசுங்கியபடியே இருந்தது.

அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நீ அவிழ்த்துப் பார்த்த கட்டு நான் போட்டது, அக்கா. என் முழங்காலில் இருந்த துணியைக் கழற்றி, மூன்று சுற்று சுற்றி, நானே ஊக்கு குத்தினேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. “இந்தத் தடவை மூஞ்சியைக் காட்டாதே” என்றேன். “சரிண்ணே” என்றான்.

நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவனும் சொன்னபடியே செய்தான். இரண்டாவது தடவை திரும்பவே இல்லை. ஊர் முழுக்கப் பார்த்த அந்தக் குதிப்பு அதுதான். அம்மா ஒவ்வொரு தடவையும் பாதியில் அணைப்பதும் அதைத்தான்.

எடிட்டர் நான் கிளம்பும்போது, “அன்னைக்கே என்னைக் கேட்டிருந்தா ரெண்டு வெட்டுல சரி பண்ணிக் கொடுத்திருப்பேன்” என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார்.

இனி நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், நான் உன் தம்பி என்று கையெழுத்துப் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.


30 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை. அம்மா நலமா என்று மட்டும் ஒரு அட்டையில் போட்டால் போதும்.

டப்பாவில் இருந்ததை டிஸ்கில் ஏற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதினாறு விநாடி. அவன் ஓடி வருவது, சிரிப்பது, குதிப்பது, எழுந்திருப்பது எல்லாம் இருக்கிறது. சத்தம் இல்லை. நான் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அம்மாவுக்குக் காட்டுவதும் உடைத்துப் போடுவதும் உன் இஷ்டம்.

கம்பெனிக்காரர்களிடம் குதித்தது நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். படம் தொடங்கும் முன் அவன் பெயரை எழுத்தில் போடச் சொன்னேன். “சார், உங்க பேரு என்னாகும்?” என்றார்கள். ஆகிறது ஆகட்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறார்களாம். விழா மேடையில் நான் ஏறப்போவதில்லை.

உன் தம்பிதான்


6 அக்டோபர்

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க மூன்று தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. இப்படியே படித்துக்கொள்.

உன் ஜூலைக் கடிதத்தை வேலை நேரத்தில், எக்ஸ்ரே அறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. இருபது வருஷம் ஒரு கேள்வியைச் சுமந்தேன். இப்போது பதிலைச் சுமக்கிறேன், அதுதான் கனமாக இருக்கிறது.

டிஸ்கை ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். அம்மாவின் கண்ணில் மிச்சம் இருந்த குழாயும் சுருங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் இனி வாரக்கணக்குதான் என்றார். அன்று மத்தியானமே போட்டுக் காட்டினேன். என்ன என்று சொல்லவில்லை.

அவன் ஓடி வந்ததும், “சின்னவன்” என்றாள். விளிம்பில் நின்று திரும்பினான். அம்மா இன்னும் நெருங்கினாள். டி.வி. கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய ஆளாகியிருந்தான் தெரியுமா, தம்பி? கன்னத்தில் எலும்பு தெரிய, அப்பாவைப் போல. நானே மறந்துபோயிருந்தேன். அவன் குதித்தபோது அம்மாவின் விரல் ரிமோட்டில் இருந்தது. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் எழுந்து நின்றதைப் பார்த்து, “எழுந்துட்டான்டி! எழுந்துட்டான்!” என்று என் தோளை அடித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நானும் சேர்ந்து அழுதேன்.

பிறகு மெல்லத் தெளிந்தாள். அவள் பைத்தியம் இல்லை. “இவன் எழுந்துட்டான்னா, எதுல போனான்?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “கீழ யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? கேமராவைப் பார்க்கலடி. கண்ணு கொஞ்சம் தள்ளிப் பார்க்குது” என்றாள்.

நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கேமராவுக்குப் பக்கத்தில் யார் நின்றது என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. அவன் ஜனங்களுக்கு முகத்தைக் காட்டவில்லை, தம்பி. நீ அப்படி நினைத்துக்கொண்டாய்.

அவளுக்கு நான் சொல்ல மாட்டேன். கடிதத்தில் எழுதி என்னைப் படித்துக் காட்டச் சொல்லாதே. உன் வார்த்தையை என் வாயால் சொல்ல மாட்டேன். நீயே வா. சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் எனக்குப் பகல் டூட்டி. நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அக்கா


14 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட வேண்டியதில்லை. நீ வந்ததும் பார்க்கும்படி ஸ்டவ் பக்கத்தில் வைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியாது.

காலையில் வந்தேன். கதவைத் திறந்ததும் அம்மா, “பெரியவனா?” என்றாள். காலடியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கன்னத்தைத் தடவினாள், விக் இல்லாத தலையைத் தடவினாள். “முடியெல்லாம் போச்சாடா?” என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பெட்டியைச் சொன்னேன், கட்டுப் போட்டதைச் சொன்னேன், கட்டுப் போடும்போது பேசியதைச் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவன் மேலேருந்து சிரிச்சானே. நீ திரும்பச் சிரிச்சியா?”

“இல்லம்மா. ஒன் மோர்னு கத்தினேன்.”

அவள் தலையை ஆட்டினாள். என் கையைப் பிடித்து எழுப்பி, தடவிக்கொண்டே அழைத்துப் போய் டி.வி.யைப் பார்த்தபடி நிறுத்தினாள். கொஞ்சம் தள்ளி, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல. அவள் டி.வி.க்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். உன் டிஸ்க் உள்ளேயேதான் இருந்தது. ரிமோட்டில் விரலால் தேடி அழுத்தினாள். அவள் பார்வையில் மிச்சம் இருந்த அந்தக் குழாயில் எனக்கு இடம் இருந்ததோ இல்லையோ, தெரியவில்லை. அவன் ஓடி வந்தான். நான் முதல் தடவையாகப் பார்த்தேன். விளிம்பில் நின்றான், திரும்பினான்.

“இப்பச் சிரி” என்றாள் அம்மா.

முப்பது வருஷத்துக்கு மேலாக நடிக்கிறேன், அக்கா. அழச் சொன்னால் அழுவேன், முறைக்கச் சொன்னால் முறைப்பேன். கூட்டம் கைதட்ட எத்தனை விதமாகச் சிரிக்க வேண்டுமோ அத்தனை விதமும் எனக்குத் தெரியும். வாய் திறந்தது. சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவன் குதித்துவிட்டான்.

அம்மா ரிமோட்டைத் தடவினாள். மறுபடி போட்டாள்.

இது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இங்கே வந்து இதை எழுதுகிறேன். அவள் கூடத்தில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். “வந்துட்டியாடா? அவன் நிக்கிறான்” என்று கூப்பிடுகிறாள்.

நீ வரும்போது நான் இங்கேதான் இருப்பேன். அம்மாவிடம் போகிறேன்.

தம்பி